பதினாறு பெயர்கள், பதினாறு பணிகள்: மகளிர் ஹாக்கி அணிப் பட்டியலை வாசிப்பது எப்படி?

வாசகர் கேள்வி, 15 செப்டம்பர் 2025

"ஹாங்சோவில் நேற்று நடந்த ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் நம் மகளிர் அணி சீனாவிடம் 1-4 என்று தோற்றுவிட்டது. முதல் நிமிடத்திலேயே நவ்நீத் கவுர் கோல் அடித்தும் பயனில்லை. பட்டியலே சரியில்லை என்பது என் கருத்து. நாட்டில் மிகச் சிறப்பாக ஆடுபவர்களை மேலிருந்து வரிசையாக எடுத்தால் போதாதா? களத்தில் நிற்கப்போவது ஒரு கோல்கீப்பர்தான் என்னும்போது இரண்டு பேரை எதற்கு அழைத்துச் செல்ல வேண்டும்? ஒலிம்பிக்குக்கு ஒருவரோடுதானே போகிறோம்?"

15 செப்டம்பர் 2025, இரவு

மேலிருந்து வரிசையாக எடுப்பது என்ற கருத்தோடுதான் எனக்கு முதல் முரண்பாடு. அணிப் பட்டியல் என்பது தரவரிசை அன்று. அது பணிகளின் பட்டியல்; ஒவ்வொரு பணிக்கும் ஒரு பெயர் எழுதப்படுகிறது, அவ்வளவுதான்.

பெனால்டி கார்னரை எடுத்துக்கொள்ளுங்கள்; தடுக்கும் அணி கோலின் முன்னுள்ள அரைவட்டத்துக்குள் செய்யும் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு அது. எல்லைக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ள ஒருவர் வேண்டும். அவர் கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று, வேகம் குறையாமல், பந்து துள்ளாமல், அந்த வட்டத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும். அங்கே பந்தைச் சட்டென்று நிறுத்த இன்னொருவர் வேண்டும். பிறகு அதை ஸ்டிக்கால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்கர் வேண்டும். கோலை நோக்கிய முதல் அடி வெறும் அடியாக இருந்தால் 460 மில்லிமீட்டர் உயரத்துக்குள், அதாவது கோலின் அடிப்பலகை உயரத்துக்குள், பந்து கோட்டைக் கடக்க வேண்டும். இழுத்து வீசினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோலின் மேல் மூலையைக் குறிவைக்கத் தெரிந்த ஒருவருக்கு இருக்கும் மதிப்பு அதனால்தான் அத்தனை பெரியது.

இதில் பலரும் கவனிக்காத விதி ஒன்று உண்டு. ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்டக்காரர்களை மாற்றலாம். ஆனால் பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்ட நொடியிலிருந்து அது முடியும்வரை, காயம்பட்ட அல்லது வெளியேற்றப்பட்ட கோல்கீப்பரைத் தவிர வேறு யாரையும் மாற்ற முடியாது. அணியின் டிராக் ஃபிளிக்கர் அப்போது வெளியே அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் அந்தக் கார்னர் அவருக்கு இல்லை. ஆகவே அவர் நீண்ட நேரம் களத்தில் நிற்கக்கூடிய தடுப்பாட்டக்காரராகவும் இருந்தாக வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் குர்ஜீத் கவுர் அப்படிப்பட்டவர். 2021 ஆகஸ்ட் 2 அன்று காலிறுதியில், குழு ஆட்டங்கள் ஐந்திலும் வென்றிருந்த ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்திய அந்த ஒரே கோல், 22ஆவது நிமிடத்தில் அவருடைய ஸ்டிக்கிலிருந்து வந்தது. நாட்டின் மிகச் சிறந்த பதினாறு பேரில் அவர் எத்தனையாவது என்று கேட்பதில் பொருளில்லை. அந்தப் பணிக்கு அன்று அவரை விட்டால் ஆள் இல்லை.

16 செப்டம்பர் 2025

கோல்கீப்பர் பற்றிய கேள்வியைத் தனியாக எழுதலாம் என்று நேற்று விட்டுவிட்டேன்.

ஹாங்சோவுக்கு அனுபவமிக்க கோல்கீப்பர் சவிதா காயத்தால் போகவில்லை. டிராக் ஃபிளிக்கர் தீபிகாவும் அதே காரணத்தால் இல்லை. பிச்சு தேவி கரிபம், பன்சாரி சோலங்கி ஆகிய இருவரும் கோல்கீப்பர்களாகச் சென்றார்கள். உலகக் கோப்பை, ஆசியப் போட்டி போன்றவற்றுக்குப் பதினெட்டுப் பெயர்கள் வரை எழுத முடிந்த காலத்திலேயே பெரும்பாலான நாடுகள் இரண்டு கோல்கீப்பர்களை அழைத்துச் சென்றன. ஒலிம்பிக்கில் மட்டும் பதினாறு என்ற கட்டு இருப்பதால், ரியோவிலும் டோக்கியோவிலும் நம்முடைய பதினாறு பேரில் சவிதா ஒருவரே கோல்கீப்பர். அது யாரும் விரும்பி எடுத்த முடிவன்று, இடமில்லாததால் எடுத்தது.

ஆட்டத்தின் நடுவில் அவருக்கு அடிபட்டால் என்ன ஆகும்? களத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் பேடும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு கோலுக்குள் நிற்க வேண்டும். அல்லது கோல்கீப்பரே இல்லாமல் பதினொரு பேரும் சாதாரண ஆட்டக்காரர்களாக ஆட வேண்டும். இடைப்பட்ட வழியொன்று, அதாவது முழுக் கவசம் இல்லாமல் கோல்கீப்பரின் உரிமைகளோடு ஒருவர் நிற்பது, முன்பு விதியில் இருந்தது. 2019இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

18 செப்டம்பர் 2025

இரண்டாவது கோல்கீப்பர் வெறும் பார்வையாளர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு நான் விதிகளைச் சொல்லிப் பதிலளிக்க விரும்பவில்லை, ஏனென்றால் நானே பல்கலைக்கழக அணியில் இரண்டாவது கோல்கீப்பராக இருந்தவள்.

வேலை ஆட்டத்துக்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடும். முதல் கோல்கீப்பருக்குச் சூடேற்றும் பந்துகளை அடிப்பது நாங்கள்தான்: முதலில் கிக்கர் எனும் பாதக் கவசத்துக்கு நேராக, பிறகு இடமும் வலமும், பிறகு கையுறை உயரத்துக்கு. முன்கள ஆட்டக்காரர்கள் ஷூட் அவுட் (சமனான ஆட்டத்தை முடிவுசெய்ய, ஒருவர் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து எட்டு நொடிக்குள் கோல் அடிக்க முயல்வது) பயிற்சி எடுக்கும்போது எட்டு நொடி எட்டு நொடியாக அவர்கள் முன்னால் விழுந்து எழுவதும் நாங்கள்தான், ஏனென்றால் முதல் கோல்கீப்பரை அந்த அளவுக்குக் களைப்பாக்கக் கூடாது. ஆட்டம் நடக்கும்போது பேடுகளைக் கட்டியபடியே உட்கார்ந்திருப்போம். நீர் தெளித்த டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், ஊறிய நுரைப் பேடின் கனம் மாலைக்குள் இரட்டிப்பானதுபோல் இருக்கும். கையுறையின் உட்புறத்து நாற்றம் கைகளை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் இரவுவரை போகாது. எதிரணியின் கார்னர் எடுப்பவர் எந்தத் தோளைச் சாய்க்கிறார் என்பதை ஓரத்திலிருந்து பார்த்து இடைவேளையில் சொல்வதும் எங்கள் வேலைதான். முதல் கோல்கீப்பர் உள்ளிருந்து பார்க்கும் கோணத்தில் அது எளிதில் தெரியாது.

ஒருமுறை மண்டலத் தேர்வு ஒன்றில் என் பெயர் பட்டியலில் இல்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் பெயர்கள் மட்டும் இருந்தன. ஏன் இல்லை என்று கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. விடுபட்டதைவிட அந்தப் பதிலில்லாமைதான் அதிகம் வலித்தது. இன்றும் எந்தத் தேசியப் பட்டியல் வந்தாலும் இருப்பவர்களை வாசித்து முடித்த உடனே, இல்லாதவர்கள் யார் என்று தேடத் தொடங்கிவிடுகிறேன்.

20 செப்டம்பர் 2025

இல்லாதவர்கள் என்றதும் ரிது ராணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

1980 மாஸ்கோவுக்குப் பிறகு 36 ஆண்டுகள் கழித்து இந்திய மகளிர் அணி ஒலிம்பிக்கில் கால் வைத்தது 2016 ரியோவில். அந்தத் தகுதி 2015இல் ஆன்ட்வெர்ப்பில் ஜப்பானை 1-0 என்று வென்று ஐந்தாமிடம் பிடித்ததால் கிடைத்தது; அன்று தலைமை தாங்கியவர் ரிது ராணி. ஆனால் ரியோவுக்கான பதினாறு பேரில் அவர் இல்லை, சுசீலா சானு தலைமையில் அணி சென்றது. ஜப்பானுடன் 2-2 என்று சமன், மற்ற நான்கு ஆட்டங்களிலும் தோல்வி, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாமிடம்.

ரிது ராணி இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்பதை யாராலும் நிறுவ முடியாது. மூன்று கோல் அடித்து பத்தொன்பது கோல் வாங்கிய ஓர் அணியின் குறை ஒரு நடுக்கள ஆட்டக்காரரால் தீர்ந்திருக்கும் என்று சொல்லவும் என் மனம் ஒப்பவில்லை. எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். தகுதி பெற்றுக் கொடுத்த தலைவரை விடுவதென்றால் அதற்கான ஆட்டக் காரணத்தைத் தேர்வுக் குழு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத இடத்தை வதந்தி நிரப்பியது.

அதே ரியோ பட்டியலின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சவிதா, சுசீலா சானு, தீப் கிரேஸ் எக்கா, மோனிகா, நிக்கி பிரதான், வந்தனா கட்டாரியா, நவ்ஜோத் கவுர், ராணி ஆகிய எட்டுப் பேரும் ஐந்தாண்டுகள் கழித்து டோக்கியோவுக்கும் சென்று நான்காமிடம் வரை போனார்கள். கடைசி இடத்தில் முடித்த அணியின் பாதியைக் கலைக்காமல் வைத்திருக்கும் துணிவு எல்லாத் தேர்வுக் குழுவுக்கும் வருவதில்லை.

21 செப்டம்பர் 2025

பிரிட்டன் சில போட்டிகளில் ஒரே அணியாகவும் சிலவற்றில் தனித்தனியாகவும் வருவது ஏன் என்ற கேள்விக்குச் சுருக்கமாக: ஒலிம்பிக்கில் அது ஒரே அணி, உலகக் கோப்பையிலும் காமன்வெல்த் போட்டியிலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று தனித்தனி அணிகள். டோக்கியோ வெண்கலப் போட்டியில் நம்மை 4-3 என்று வென்றபோது அவர்களுக்காகக் கோல் அடித்தவர்களில் சாரா ராபர்ட்சன் ஸ்காட்லாந்துக்காரர். சாதாரண நாட்களில் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுபவர்கள் பதினாறு இடங்களுக்காக ஒரே முகாமில் போட்டியிடுகிறார்கள்.

24 செப்டம்பர் 2025

பதினெட்டுப் பெயர்கள் இருந்தால் எல்லாப் பணிகளும் நிரம்பிவிடும் என்று எண்ணுபவர்கள் 2024 ஜனவரி ராஞ்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டி அது, சொந்த மண்ணில், நிரம்பி வழிந்த அரங்கில். கோல்கீப்பர்கள் இருவர் இருந்தார்கள். ஆனால் டோக்கியோவில் கார்னர் எடுத்த குர்ஜீத் கவுர் பட்டியலில் இல்லை. தடுப்பில் தூணாக நின்ற தீப் கிரேஸ் எக்காவும் இல்லை. பட்டியலில் இருந்த வந்தனா கட்டாரியா போட்டி தொடங்கும் முன்னரே கன்ன எலும்பில் அடிபட்டு விலக நேர்ந்தது. டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவை 4-3 என்று வென்ற ஆட்டத்தில் மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக் ஹாக்கியில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண் என்ற பெயரைப் பெற்றவர் அவர். அத்தகைய ஒருவருக்கு நிகரான மாற்று, போட்டிக்கு முந்தைய நாட்களில் கிடைத்துவிடாது.

அரையிறுதியில் ஜெர்மனியுடன் 2-2, ஷூட் அவுட்டில் தோல்வி. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் 0-1. வென்றிருந்தால் பாரிஸ். அந்தக் கடைசி ஆட்டத்தில் கார்னருக்கு மேல் கார்னர் கிடைத்தது, ஒன்றும் கோலாகவில்லை. வீட்டில் தொலைக்காட்சியின் முன் நின்றுகொண்டே பார்த்தேன். ஒவ்வொரு கார்னருக்கும் நம் பெண்கள் வட்டத்தின் விளிம்பில் கூடிப் பேசிக் கலையும்போது, பந்து யாரிடம் போகும் என்பதை எதிரணித் தடுப்பாளர்கள் முன்கூட்டியே படித்துவிடுவதுபோல் இருந்தது. தீபிகாவும் உதிதாவும் முயன்றார்கள், அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிந்திய மாதங்களில் தீபிகா எந்த உயரத்துக்கு வந்தார் என்பதை 2024 நவம்பரில் ராஜ்கிரில் பார்த்தோம்: ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் பதினொரு கோல்கள், இறுதியில் சீனாவை வீழ்த்திய ஒரே கோலும் அவருடையது. அதே சீனாவை ஹாங்சோவில் சந்தித்தபோது அவர் இல்லை. ஹாங்சோ தோல்விக்குப் பட்டியலைத் திட்டிய வாசகர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தேர்வுக் குழு விட்டதால் வந்த இடைவெளியும் காயத்தால் வந்த இடைவெளியும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் விடை ஒன்றுதான், அந்தப் பணிக்கு இன்னொருவரை முன்கூட்டியே வளர்த்திருப்பது.

27 செப்டம்பர் 2025

ஒலிம்பிக்குக்கும் பதினெட்டுப் பேர் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டோக்கியோவில் கொரோனா காரணமாக ஒரு விலக்கு தரப்பட்டது: பதினாறு பேரோடு மாற்று ஆட்டக்காரர்கள் இருவரையும் சேர்த்துப் பதினெட்டாக வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் பதினாறு பேரைத் தேர்ந்துகொள்ளலாம். ரீனா கோகரும் நமிதா டோப்போவும் அப்படித்தான் நம் அணியில் சேர்ந்தார்கள். அதனால் ஒலிம்பிக்கின் ஒழுங்கு ஒன்றும் குலைந்துவிடவில்லை. கொளுத்தும் வெயிலில் இரண்டு வாரத்துக்குள் எட்டு ஆட்டங்கள் ஆட வேண்டிய பெண்களுக்கு இரண்டு பேர் கூடுதலாக இருப்பது ஆடம்பரமாகாது.

28 செப்டம்பர் 2025

நேற்று எழுதியதைப் பற்றி மேலும் யோசித்தேன். பட்டியல் நீண்டால் யாருக்கு அதிக லாபம்? நெதர்லாந்துக்கு. அவர்களுடைய பதினேழாவது, பதினெட்டாவது ஆட்டக்காரர் பல நாடுகளின் முதல் பதினொருவரில் இடம்பெறக்கூடியவர். 2014, 2018, 2022 என்று மூன்று உலகக் கோப்பைகளைத் தொடர்ந்து வென்ற நாடு அது. டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் தங்கம். பதினாறு என்ற கட்டு அவர்களுடைய செழிப்பைச் சற்றே மட்டுப்படுத்துகிறது என்று சிறிய நாடுகளின் பயிற்றுநர்கள் சொன்னால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் 2018 லண்டன் உலகக் கோப்பை இதற்கு மறுமொழியாக நிற்கிறது. பதினெட்டுப் பேர் கொண்ட போட்டி அது. தரவரிசையில் பதினாறாவதாக இருந்த அயர்லாந்து, வேலையும் படிப்புமாக இருந்த பெண்களைக் கொண்டு இறுதிவரை வந்தது. காலிறுதியில் நம்மைக் கோல் இல்லாத ஆட்டத்துக்குப் பிறகு ஷூட் அவுட்டில் வென்றார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் ஆயிஷா மெக்ஃபெரன் அன்று நம்மவர்களுக்கு வழியே விடவில்லை. இறுதியில் நெதர்லாந்திடம் 0-6 என்று தோற்றார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த இடைவெளி பட்டியலின் நீளத்தால் வந்ததன்று. எனவே பதினெட்டு என்றே நிற்கிறேன், நேற்றைவிடச் சற்று நிதானமாக.

2 அக்டோபர் 2025

கடைசி நேரத்தில் தேர்ந்த அணியோடு ஜிம்பாப்வே தங்கம் வென்றதே என்று கேட்டவருக்கு. மகளிர் ஹாக்கி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 1980இல். மாஸ்கோ புறக்கணிப்பால் பெரிய அணிகள் விலகவே, அவ்வாண்டு ஏப்ரலில்தான் விடுதலை பெற்றிருந்த ஜிம்பாப்வேக்குச் சில வாரங்களுக்கு முன் அழைப்புப் போனது. தொடக்க விழாவுக்கு முந்தைய வார இறுதியில்தான் பட்டியல் இறுதியானது. செயற்கைப் புல்தரையில் ஆடிப் பழக்கமே இல்லாத அந்தப் பதினாறு பேர் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் தங்கம் வென்றார்கள். அணித்தலைவர் ஆன் கிராண்ட், பிற்காலத்தில் இந்தியக் கிரிக்கெட் அணியின் பயிற்றுநரான டங்கன் ஃபிளெட்சரின் சகோதரி. சாண்ட்ரா சிக், சோனியா ராபர்ட்சன் என்ற இரட்டைச் சகோதரிகளும் அணியில் இருந்தார்கள்.

இதைத் தேர்வுக்கு நீண்ட திட்டமே தேவையில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். நான் அப்படிக் காணவில்லை. அந்தப் பதினாறு பேரும் வெள்ளையர்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் புதிய நாட்டின் முதல் தங்கத்தில் அவர்களில் ஒருவருக்கும் இடமில்லை. மைதானமும் பயிற்சியும் அதுவரை யாருக்குக் கிடைத்து வந்தன என்பதை அந்தப் பட்டியல் அப்படியே காட்டுகிறது.

எலிசா நெல்சன் தலைமையில் அங்கே சென்ற நம் அணி ஜிம்பாப்வேயுடன் 1-1 என்று சமன் செய்தது, ஆறு அணிகளில் நான்காமிடம் பெற்றது. தங்கம் வென்ற அணியிடம் தோற்காமல் வந்தவர்களை நாம் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

5 அக்டோபர் 2025

மேலே சொன்ன மாஸ்கோ பட்டியலில் ஃபெர்னாண்டஸ், டிசில்வா, டோஸ்கானோ, பாக்லி போன்ற குடும்பப் பெயர்கள் உண்டு. டோக்கியோ பட்டியலில் அவை இல்லை. அரியானாவின் ஷாஹாபாதிலும் சோனிபட்டிலும் வளர்ந்தவர்கள், ஜார்க்கண்டின் சிம்டேகா, குந்தி மாவட்டங்களின் ஆதிவாசிப் பெண்கள், ஒடிசாவின் சுந்தர்கட், மணிப்பூர், மிசோரம். சலிமா டேட், நிக்கி பிரதான், லால்ரெம்சியாமி ஆகியோரின் ஊர்களில் மூங்கில் கழியும் கரடுமுரடான திடலும் முதலில் வந்தன, டர்ஃப் பிறகு வந்தது. நகரத்து மன்றங்களிலிருந்து ஹாக்கி கிராமத்துக்கும் அரசு விடுதிகளுக்கும் ரயில்வே வேலைக்கும் நகர்ந்த வரலாறு இந்த இரண்டு பட்டியல்களுக்கு நடுவே இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து ஏன் யாருமில்லை என்ற கேள்வி எனக்கும் உறுத்துகிறது. டோக்கியோவின் பதினாறில் ஒருவரும் இல்லை. ஆண்கள் பக்கம் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் கார்த்தி செல்வமும் இந்தியாவுக்கு ஆடினார்கள். ஏனென்றால் அங்கே சிறுவர்களுக்குத் திடலும் போட்டியும் வேலைவாய்ப்பும் ஒரே ஊரில் கூடி அமைந்தன. சிம்டேகாவில் ஒரு சிறுமி தன்னைவிட மூத்த பெண் ஆடுவதைப் பார்த்தே வளர்கிறாள். நம் ஊர்களில் பத்தாம் வகுப்புக்குப் பிறகு பெண்பிள்ளைகள் திடலுக்கு வருவது நின்றுவிடுகிறது. என்னோடு ஆடியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நின்றார்கள்.

9 அக்டோபர் 2025

"குறை சொல்கிறீர்கள், வழி என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

ரேச்சல் லிஞ்ச் 2019ஆம் ஆண்டுக்கான உலகின் சிறந்த கோல்கீப்பர் விருது பெற்றவர், செவிலியராகவும் பணியாற்றியவர். 2021க்கான தேசிய அணிக் குழுவிலிருந்து அவரும் ஜார்ஜினா மோர்கனும் விடப்பட்டார்கள். இருவரும் முறைப்படி மேல்முறையீடு செய்தார்கள், வென்றார்கள், திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். டோக்கியோ காலிறுதியில் குர்ஜீத்தின் அந்தக் கார்னர் வந்தபோது கோலுக்குள் நின்றவர் அதே லிஞ்ச். அவர்கள் தோற்றார்கள், நாம் மகிழ்ந்தோம். ஆனால் விடப்பட்ட ஒருவர் காரணம் கேட்கவும் அதைக் கேட்டு ஒரு குழு முடிவை மாற்றவும் அங்கே இடம் இருந்தது.

எனக்கு வேண்டியவை மூன்று. முகாமில் இருந்து இறுதிப் பட்டியலில் இல்லாத ஒவ்வொருவருக்கும் எழுத்தில் காரணம் தரப்பட வேண்டும். அதை வெளியிடத் தேவையில்லை, அவர் கையில் இருந்தால் போதும். அதை எதிர்த்துக் கேட்க ஒரு நாள் கெடு வேண்டும், கேட்பவர்மேல் அடுத்த முகாமில் பழி தீர்க்கப்படாது என்ற உறுதியும் வேண்டும். மூன்றாவதாக, டிராக் ஃபிளிக்குக்கும் கோலுக்கும் எப்போதும் மூன்று பேரை முகாமில் வைத்துப் பன்னாட்டு ஆட்டங்களில் மாற்றி மாற்றி ஆடவிட வேண்டும். முதல் இரண்டுக்கும் பணம் செலவாகாது, இதற்கு ஆகும், அந்தச் செலவைச் செய்தே ஆக வேண்டும்.